எட்டுக் கலை



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், ஆண்டுதோறும் இங்கே நிகழும் சொற்பொழிவு, படிப்பை முடித்து உத்தியோகத்திலும் இல்வாழ்விலும் அடியெடுத்து வைக்கப்போகும் இளைஞர்களுக்குப் பயன்படுவதாக இருக்கவேண்டும் என்று தமது சாசனத்தில் விதித்திருக்கிறார். அவருடைய கருத்துக்கு இணங்க, உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள்ளுதல் என்னும் குணம் ஒருவருடைய வாழ்விலும் தொழிலிலும் எவ்வாறு வளர்ச்சிக்குத் துணையாகிறது என்பதை இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பொருளில் ஒரு சங்கடம் உண்டு. நம் வீடுகளில் ‘ஏற்றுக்கொள்’ என்ற உபதேசம் எப்போது செய்யப்படுகிறது என்று சற்றே நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு விரும்பிய படிப்பில் இடம் கிடைக்காமற்போன அன்று, பெண்ணுக்கு மனம் ஒவ்வாத சம்பந்தம் நிச்சயமான அன்று, நியாயமாகத் தமக்கு வரவேண்டிய உத்தியோக உயர்வு மேலதிகாரியின் மைத்துனருக்குப் போய்ச் சேர்ந்த அன்று, ‘நம் தலையில் எழுதியது இவ்வளவுதான், மனசைத் தேற்றிக்கொள்’ என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். அவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனாலும் அப்படிப்பட்ட ஏற்பினால் யாரும் ஓர் அங்குலமேனும் வளர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வேறு வகையான ஏற்பு ஒன்று இருக்கிறது. அதனைச் சூத்திரங்களாலும் சுபாஷிதங்களாலும் விளக்குவதைக் காட்டிலும், ஒரே ஒரு மனிதருடைய வாழ்க்கையில் அது வேலை செய்த விதத்தை அருகிலிருந்து பார்ப்பது மேல் என்று தோன்றுகிறது. அவர் ஞானியுமல்லர், துறவியுமல்லர். சம்பளப் பாக்கிக்காக வாழ்நாள் முழுவதும் அலைந்த ஒரு கணித உத்தியோகஸ்தர். யோஹான்னஸ் கெப்ளர் என்பது அவர் பெயர்.

கெப்ளர், தென் ஜெர்மனியில் வைல் டெர் ஷ்டாட் என்னும் சிற்றூரில் 1571ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் கூலிக்குப் போர் செய்யும் சிப்பாய். வீட்டில் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்களே அதிகம், கடைசியில் ஒருநாள் போனவர் திரும்பவேயில்லை. கெப்ளருக்குக் குழந்தைப் பருவத்தில் வைசூரி கண்டு, உயிர் தப்பியதாயினும், கைகளின் திறமும் கண்களின் ஒளியும் என்றென்றைக்கும் குறைந்துபோயின. தூரத்தில் உள்ள ஒரு பொருள் அவர் கண்ணுக்குப் பல பொருள்களாகத் தெரியும். வானத்துச் சந்திரன் ஒன்று என்பதைப் பிறர் சொல்லி அறியவேண்டிய ஒருவர்தாம் பிற்காலத்தில் வான சாஸ்திரத்தின் அஸ்திவாரத்தையே மாற்றி அமைத்தார் என்றால், அதில் ஏதோ ஒரு விசித்திரம் இருக்கத்தானே வேண்டும்?

அவர் விரும்பியது கிறிஸ்தவ குருமாராகும் பணி. அதற்காகவே டியூபிங்கன் சர்வகலாசாலையில் வேதசாஸ்திரம் பயின்றார். அங்கே மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர், சூரியனை நடுவே வைத்துக் கிரகங்களைச் சுற்றவிட்ட கோபர்னிகஸின் கொள்கையை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். படிப்பு முடியும் தறுவாயில், 1594இல், ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த கிராட்ஸ் நகரத்துப் பள்ளியில் கணித ஆசிரியர் ஒருவர் இறந்துவிட, அந்த இடத்துக்குக் கெப்ளரை அனுப்பினார்கள். அவர் மனமுவந்து போகவில்லை. விரும்பினால் குருமார் பணிக்குத் திரும்பி வரலாம் என்ற நிபந்தனையோடுதான் புறப்பட்டார். முதல் வருஷம் அவர் வகுப்புக்கு மாணவர் சிலர் வந்தனர், இரண்டாம் வருஷம் ஒருவரும் வரவில்லை. கணிதம் எல்லாருக்கும் பிடிபடும் வித்தையன்று, ஆகையால் குற்றம் ஆசிரியருடையதல்ல என்று பள்ளியின் மேற்பார்வையாளர்கள் எழுதிவைத்தார்கள். (இத்தகைய மேற்பார்வையாளர்கள் இக்காலத்தில் கிடைப்பார்களா என்று இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது.) ஆண்டுதோறும் அந்த ஜில்லாவுக்குப் பஞ்சாங்கம் கணித்துக் கொடுப்பதும் அவர் உத்தியோகத்தைச் சேர்ந்த கடமை.

வேண்டாத உத்தியோகத்தில், ஆளில்லாத வகுப்பில் அகப்பட்டுக்கொண்ட அந்த இளைஞர் மனத்தில், 1595 ஜூலை மாதம் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் வரைந்த ஒரு படத்திலிருந்து ஒரு மகத்தான கற்பனை பிறந்தது. அக்காலத்தில் அறியப்பட்டிருந்த கிரகங்கள் பூமியையும் சேர்த்து ஆறு. அவற்றுக்கு இடையே உள்ள வெளிகள் ஐந்து. எல்லா முகங்களும் ஒத்திருக்கும் திண்ம வடிவங்களும் ஐந்தே. ஆகவே ஈசுவரன் இந்த ஐந்து வடிவங்களை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி அந்த அளவுக்கேற்பக் கிரகங்களை நிறுத்தியிருக்கிறான் என்று அவர் முடிவு செய்து, அடுத்த ஆண்டே ஒரு நூலாக அச்சிட்டார். அழகான கற்பனைதான், ஆனால் உண்மையான தூரங்களோடு அது சரியாகப் பொருந்தவில்லை. தம் கொள்கையின் மேல் சந்தேகம் கொள்ளும் வயது அவருக்கு அப்போது வரவில்லை. கிடைத்திருக்கும் அளவுகள்தாம் பிழையானவை, நல்ல அளவுகள் கிடைத்தால் கொள்கை நிலைபெற்றுவிடும் என்று அவர் நம்பினார். நல்ல அளவுகள் உலகில் ஒரே ஒருவரிடம் இருந்தன.

டைக்கோ பிராஹே டென்மார்க்கு தேசத்துப் பிரபு. அரசன் கொடுத்த ஹ்வீன் என்னும் தீவில் மாளிகை கட்டி, ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட பெரும் பெரும் உபகரணங்களைச் செய்து நிறுத்தி, தொலைநோக்கி என்பது இன்னும் பிறவாத காலத்தில், வெறுங்கண்ணால் இருபது வருஷ காலம் இரவு இரவாகக் கிரகங்களின் இடங்களை அளந்து எழுதிவைத்தவர். அவருடைய அளவுகளில் பிழை ஓரிரு கலைகளுக்கு மேற்படாது. ஒரு பாகையை அறுபது கூறிட்டால் ஒரு கூறு ஒரு கலை என்பது உங்களுக்குத் தெரியும். கோபர்னிகஸுக்கோ பத்துக் கலை அளவுக்குச் சரியாக வந்தாலே பரமானந்தம். டைக்கோ தம் நாட்டரசனோடு பிணங்கிக்கொண்டு வெளியேறி, பிராக் நகரத்தில் ருடால்ஃப் சக்கரவர்த்தியின் ஆஸ்தானத்தில் வந்து சேர்ந்திருந்தார். 1600ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், பிராக்குக்கு அருகே பெனாட்கி கோட்டையில், அவரிடம் கெப்ளர் போய்ச் சேர்ந்தார்.

கெப்ளர் தம் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதை இங்கே கவனிக்கவேண்டும். வானத்தை அளக்கும் வேலை தம்மால் ஆகாது என்பதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொண்டதனால்தான் அதைச் செய்யக்கூடியவருடைய வாசலுக்கு வந்து நின்றார். இந்த ஏற்பு லேசானதல்ல. டைக்கோ தம் கணக்கேடுகளை எளிதில் திறந்து காட்டுகிறவரும் அல்லர். இன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் பேச்சோடு பேச்சாக ஒரு கிரகத்தின் உச்சத்தைச் சொல்லுவார், நாளைக்கு வேறொரு கிரகத்தின் பாதம் எங்கே என்பதைச் சொல்லுவார், அவ்வளவுதான் என்று கெப்ளரே குறைபட்டு எழுதியிருக்கிறார். இரண்டு மாதத்திற்குள் இருவருக்கும் பெரிய சண்டை மூண்டு, கெப்ளர் கோபித்துக்கொண்டு வெளியேறி, பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதித் திரும்பி வந்தார். அவருக்கென்று ஒதுக்கப்பட்டது செவ்வாய்க் கிரகம். கிரகங்களுள் கணக்குக்குச் சற்றும் அடங்காதது அதுவே. எட்டே நாளில் அதனை முடித்துவிடுகிறேன் என்று கெப்ளர் பந்தயம் கூறினார் என்பார்கள். அந்தப் போராட்டம் முடிய ஐந்து வருஷம் ஆயிற்று. இடையே, 1601 அக்டோபர் 24ஆம் தேதி டைக்கோ காலமானார். இரண்டு நாட்களில் கெப்ளர் சக்கரவர்த்தியின் ஆஸ்தான கணிதராக நியமிக்கப்பட்டார். கணக்கேடுகள் அவர் கைக்கு வந்தன.

இனிச் சொல்லப்போவதுதான் நான் இங்கே நின்று பேசவந்ததன் காரணம். தாலமியின் காலத்திலிருந்து ஆன்றோர் அனைவரும் கொண்ட வழியிலேயே, செவ்வாய் ஒரு வட்டத்தில் செல்வதாக வைத்துக்கொண்டு, டைக்கோ கண்ட, சூரியனுக்கு நேரெதிரே செவ்வாய் நிற்கும் 10 எதிர்நிலைகளில் 4ஐத் தேர்ந்து, அவற்றிலிருந்து வட்டத்தின் அமைப்பைக் கணிக்க அவர் முற்பட்டார். நேராகச் செய்யக்கூடிய கணக்கல்ல அது. ஒரு மதிப்பை ஊகித்துக்கொண்டு, கடைசி வரையில் போட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் வேறு மதிப்போடு முதலிலிருந்து தொடங்கவேண்டும். இவ்வாறு 70 முறை போட்டதாகவும், படிக்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டினால் போட்டவனை நினைத்து இரங்கும்படியும் பின்னர் எழுதிய நூலிலே அவர் கேட்டுக்கொள்கிறார். முடிவில் விடை வந்தது. எதிர்நிலைகள் அனைத்தும் 2 கலைக்குள் அடங்கி நின்றன. வேறு எவராயிருந்தாலும் அன்றைக்கே நூலை அச்சுக்கு அனுப்பியிருப்பார். கெப்ளரோ, சோதனைக்காகக் கிரகத்தின் தூரத்தையும் பார்த்துவிடலாம் என்று வேறு சில அளவுகளை எடுத்தார், தூரம் பொருந்தவில்லை. தூரம் பொருந்துமாறு மையத்தை நகர்த்தினால், இப்போது திசை பொருந்தவில்லை. எவ்வளவு பொருந்தவில்லை? 8 கலை.

8 கலை என்பது எவ்வளவு என்று மாணவர்கள் மனத்திலே வாங்கிக்கொள்ளவேண்டும். ஓர் அங்குல அகலமுள்ள ஒரு சிறு சட்டத்தை முப்பத்தாறு அடி தூரத்திலே பிடித்தால் அது கண்ணில் அடங்கும் கோணம் ஏறக்குறைய 8 கலை. முழு நிலவின் அகலத்தில் கால் பங்கு. அத்தனை உழைப்பும் ஒருபுறம். இந்தச் சுண்டைக்காய் வித்தியாசம் மற்றொருபுறம்.

நம் கணக்குப்பிள்ளைமார்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். ஆண்டுக் கடைசியில் வரவும் செலவும் பேரேட்டில் ஒத்துவராமல் ஏதோ சில ரூபாய் இடித்துக்கொண்டு நிற்கும். இரவு இரண்டு மணிக்கு மேல், அந்தத் தொகையை அனாமத்துக் கணக்கில் எழுதிவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். கணக்குச் சரியாகிவிட்டதாகவும் தோன்றும். கெப்ளருக்கு அனாமத்தில் எழுத எத்தனையோ சாக்குகள் இருந்தன. டைக்கோவின் கருவி அன்று சற்றுச் சாய்ந்திருக்கலாம், பனிமூட்டம் இருந்திருக்கலாம், ஏடு பிரதி செய்தவன் கைதவறி எழுதியிருக்கலாம். ஆனால் டைக்கோவின் பிழை 2 கலைக்கு மேற்போகாது என்பதை அவர் அறிந்திருந்தார். இத்தனை நுட்பமான ஒரு பார்வையாளரைக் கடவுள் நமக்கு அருளியிருக்க, அவர் கண்டதை நன்றியோடு ஏற்பதன்றோ முறை என்றும், இந்த 8 கலையைப் புறக்கணிக்க முடியாமற்போனதுதான் வான சாஸ்திரம் முழுவதையும் திருத்தி அமைக்க வழிகாட்டியது என்றும் ‘புதிய வானியல்’ என்ற நூலின் 19ஆம் அத்தியாயத்தில் அவர் எழுதுகிறார். அந்த இடத்தில் அவர் நடையிலே துக்கம் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. தாம் 70 முறை போட்டுக் கட்டிய கோபுரத்தை இடித்துத் தள்ளிய பொருளுக்கு நன்றி சொல்லுகிறார்.

ஏற்பு என்று நான் கூறுவது இதனைத்தான். விதியின் முன் தோள் தளர்ந்து நிற்பதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, இதற்குப் பின்னால் வேலை அதிகமாகிறது என்பதே. தோல்வியை ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்கிறவர், தோல்வியை ஏற்கவில்லை, ஓய்வை ஏற்றிருக்கிறார்.

கெப்ளர் முதலில் செய்த காரியம், செவ்வாயை விட்டுவிட்டுத் தாம் நிற்கும் இடத்தைச் சோதித்தது. நாம் செவ்வாயைப் பார்ப்பது பூமியிலிருந்து, பூமியும் நகருகிறது, அதன் நகர்ச்சி ஒழுங்கானது என்று எல்லாரும் சோதிக்காமலே நம்பியிருந்தார்கள். செவ்வாய் 687 நாட்களுக்கொருமுறை தான் நின்ற இடத்துக்கே திரும்பி வருவதால், அத்தகைய நாட்களில் எடுத்த அளவுகளைக் கொண்டு, செவ்வாயை நிலையான விளக்காக வைத்துப் பூமியின் பாதையை அவர் அளந்தார். பூமியும் ஏனைய கிரகங்களைப் போலவே சூரியனுக்கு அருகில் விரைந்தும் தொலைவில் தாழ்ந்தும் செல்கிறது என்று தெரிந்தது. பிறரிடம் குறை காணுமுன் தன் காலடியைப் பார்த்துக்கொள்ளுதல் என்று நாம் ஒழுக்க நூல்களில் படிப்பது, இங்கே கணிதமாகவே நிகழ்ந்தது.

அடுத்தது இன்னும் கடினம். செவ்வாயின் பாதை வட்டமன்று என்று ஆகிவிட்டது. இரண்டாயிரம் ஆண்டு காலமாக வட்டமே பூரணமான வடிவம், தேவலோகத்துக்கு உரிய வடிவம் என்று நம்பிவந்த மரபில் வந்த கெப்ளரும் அதில் பற்றுள்ளவரே. ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் உள்ள முட்டை வடிவத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் அவதிப்பட்டார். வட்டங்களை எல்லாம் கூட்டித் தள்ளித் தொழுவத்தைச் சுத்தம் செய்தாயிற்று, மிஞ்சியது ஒரு வண்டிச் சாணம் என்று ஒரு கடிதத்திலே அந்த முட்டையைப் பரிகாசம் செய்கிறார். அக்காலத்தில் ஒருநாள் அவர் கணக்கேட்டில் இரண்டு எண்கள் அருகருகே வந்து நின்றன. வட்டத்துக்கும் கிரகத்தின் மெய்ப்பாதைக்கும் இடையே பிறைபோல் உள்ள இடைவெளி, வட்டத்தின் ஆரத்தை 1 என்று கொண்டால், மிகுந்த இடத்தில் 0.00429. கிரகத்திலிருந்து பார்க்கும்போது சூரியனுக்கும் வட்டத்தின் மையத்துக்கும் நடுவே விழும் கோணம் மிகுந்த இடத்தில் 5 பாகை 18 கலை. அந்தக் கோணத்தின் சீகன்ட் என்னும் விகிதம் 1.00429. உறக்கத்திலிருந்து விழித்துக்கொண்டவன்போல் ஆனேன் என்ற கருத்துப்பட அவர் இதைக் குறிப்பிடுகிறார். விழித்தும் என்ன? கிடைத்த சூத்திரத்தைப் படமாக வரையும்போது பிழைபட்டு, கன்னம் உப்பிய ஒரு வடிவம் வர, சூத்திரத்தையே தூக்கி எறிந்தார். பிறகு வேறு உபாயமென்று நீள்வட்டத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால், எறிந்த சூத்திரமும் எடுத்த நீள்வட்டமும் ஒன்றேயாக இருந்தன. இது 1605ஆம் ஆண்டு. பாதையின் நெடுக்கு 1,000 அங்குலமானால் குறுக்கு 996 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு; வேற்றுமை அவ்வளவே.

இந்தத் தடுமாற்றங்களை எல்லாம் அவர் மறைக்கவில்லை. 1609இல் ‘புதிய வானியல்’ வெளிவந்தபோது, தாம் சென்று மீண்ட ஒவ்வொரு முட்டுச்சந்தையும் அத்தியாயமாகவே எழுதிவைத்தார். படிக்கிறவனுக்குத் தொல்லைதான், ஆனால் வளர்ச்சி என்பது உண்மையில் எப்படி நடக்கிறது என்று காட்டும் நூல் அதைப்போல் வேறொன்று எனக்குத் தெரியாது. இக்காலத்தில் பெரியமனிதர்களின் வெற்றிக் கதைகளை எழுதுகிறவர்கள் முட்டுச்சந்துகளை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

அவருடைய நண்பர்களாலேயே நீள்வட்டத்தை ஏற்க முடியவில்லை. ஃபாப்ரீசியஸ் என்னும் பாதிரியார், தாமே நல்ல வானியலாளர், நீள்வட்டம் அபத்தமானது, சிறு வட்டம் ஒன்றைச் சேர்த்தாவது பழைய வட்டத்தைக் காப்பாற்றும் என்று எழுதினார். ஆசிரியர் மேஸ்ட்லின், வான சாஸ்திரத்தில் பௌதிகக் காரணங்களைப் புகுத்தாதே என்று புத்தி சொன்னார். கலிலேயோ கடைசி வரையில் வட்டத்தை விடவில்லை. அறிவிலே இவர்கள் யாருக்குக் குறைந்தவர்கள்?

எதையும் ஏற்றுக்கொள்ளும் சுபாவம் கெப்ளருக்கு இருந்தது என்று இதனால் யாரும் நினைத்துவிடவேண்டாம். கிராட்ஸ் நகரத்தில் மதம் மாறினால் வேலை, மறுத்தால் நாடு கடத்தல் என்று அரசு ஆணையிட்டபோது, மறுத்துவிட்டு மனைவி மக்களோடு வண்டி ஏறினார். பிறகு லின்ஸ் நகரத்தில், அவருடைய சொந்தச் சபையாரே, கொள்கை விளம்பரம் ஒன்றில் முழுமனத்தோடு கையொப்பமிட மறுத்தார் என்று அவரைத் திருவிருந்தினின்று விலக்கிவைத்தார்கள், அப்போதும் கையொப்பமிடவில்லை. வயது முதிர்ந்த அவர் தாயாரைச் சூனியக்காரி என்று குற்றம் சாட்டிச் சிறையிலிட்டுச் சங்கிலி பூட்டினார்கள். மகன் தம் வேலையை விட்டுவிட்டுப் போய், சாட்சியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நீண்ட எதிர்வாதம் தயாரித்து, 14 மாதச் சிறைவாசத்துக்குப் பின் 1621இல் அவரை மீட்டுக்கொண்டு வந்தார். அளந்து கண்டதன் முன்னே தலைவணங்கினவர், அதிகாரத்தினால் சொல்லப்பட்டதன் முன்னே வணங்கவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியும் விவேகம் இல்லாத இடத்தில் ஏற்பு அடிமைத்தனமாகவும் எதிர்ப்பு வெறும் வறட்டுப் பிடிவாதமாகவும் முடிந்துவிடுகிறது. உத்தியோகத்துக்குப் போகப்போகிறவர்கள், மேலதிகாரி கணக்கில் கண்ட பிழையை ஏற்பதும், மேலதிகாரி கணக்கைத் திருத்தச் சொன்னால் ஏற்பதும் ஒன்றல்ல என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ள நேரும்.

அவருடைய இளமைக் கற்பனையான ஐந்து திண்ம வடிவங்கள் என்னவாயின என்று நீங்கள் கேட்கலாம். அதனை அவர் கடைசி வரையில் கைவிடவில்லை. 1621இல் அந்த முதல் நூலை மறுபடி அச்சிட்டபோது, பழைய வாசகத்தில் கைவைக்காமல், இருபத்தைந்து வருஷத்துக்கு முன் தாம் எழுதியது எங்கெங்கே பிழை என்று நீண்ட குறிப்புகளைச் சேர்த்தார். மூல ஆசையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பிழைகளை மட்டும் ஒப்புக்கொள்வது தர்க்கத்துக்குப் பொருந்துமா என்றால், பொருந்தாது. மனித சுபாவத்துக்குப் பொருந்தும். தமது பழுதுபட்ட கண்ணைக் குறித்தும் அவர் சும்மா இருக்கவில்லை. 1604இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்பதையும், கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி எப்படி உதவுகிறது என்பதையும் விளக்கினார். தம் கண் பழுதானதுதான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. 

டைக்கோவின் அளவுகளையும் தமது விதிகளையும் கொண்டு அவர் கணித்த ‘ருடால்ஃப் வாக்கியங்கள்’ என்னும் கிரகப் பட்டியல்கள் 1627இல் வெளிவந்தன. அவற்றிலிருந்து, 1631 நவம்பர் 7ஆம் தேதி புதன் கிரகம் சூரிய பிம்பத்தின் குறுக்கே செல்லும் என்று முன்கூட்டி அறிவித்தார். அதைக் காண அவர் இல்லை. தமக்கு வரவேண்டிய கடன் பாக்கியை வசூலிக்கப் போன இடத்தில், ரேகன்ஸ்பர்க் நகரத்தில், 1630 நவம்பர் 15ஆம் தேதி காய்ச்சலில் இறந்துவிட்டார். பாரிஸில் கஸெந்தி என்பவர் இருட்டறையில் சூரியனுடைய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச்செய்து காத்திருந்தார். சொன்ன நாளில் ஒரு சிறு கரும்புள்ளி வந்தது. புதன் அவ்வளவு சிறிதாக இருக்குமென்று எதிர்பாராததனால், சூரிய களங்கம் என்று முதலில் அதை ஒதுக்கினார். புள்ளி நகரும் வேகத்தைக் கண்டபிறகே அது கிரகம் என்று ஒப்புக்கொண்டார். புதனின் அகலம் இரண்டு கலைக்கு மேல் என்று மதிப்பிட்டு வைத்திருந்தவர், வேறு யாருமல்லர், டைக்கோதான். கஸெந்தி தாளிலே அளந்தபோது அது ஒரு கலையில் மூன்றிலொரு பங்குகூடத் தேறுமா என்பது சந்தேகமாக இருந்தது.